செய்திக்கு முன்னால் வந்த கதிரைகள்

என் பார்வதி அக்காவுக்கு, தோட்டத்து லய வரிசையில் உனக்கு அடுத்த காம்பராக்காரி பிலோ ஆசையோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்துக்கொள். உன் பிலோ இப்போது பிரதேச சபை உறுப்பினர். பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து, கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தவளை மேடையில் ஏற்றி, "கௌரவ உறுப்பினர் பிலோமினா அவர்களே" என்கிறார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன்.

எங்கே போனாலும் பொன்னாடை போர்த்துகிறார்கள், அக்கா. போர்த்துகிறவரின் முகத்தைப் பார்ப்பேன். பிறகு அவருக்குப் பின்னால் நிற்பவரைப் பார்ப்பேன். அதற்கும் பிறகு வாசலில் நிற்கிற வாகனத்தை எட்டிப் பார்ப்பேன். போன வாரம் ஹாலிஎலயில் ஒரு சங்கத்துக்காரர் பிளேன்டீ கொடுத்தார். அவர் குடிக்கும் வரைக்கும் நான் கோப்பையைத் தொடவில்லை. "ஆறிப்போவுதே தங்கச்சி" என்றார். "நான் ஆறினதுதான் குடிப்பேங்க" என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் மண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பாய்.

நான் என்ன செய்ய? பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தவளுக்கு ஒரு புத்தி உண்டு. பிஸ்கட்டைத் திருடித் தின்ற பிள்ளை வாயை நன்றாகத் துடைத்துவிடும். கையைக் காட்டு என்றால் மட்டும் பின்னால் கட்டிக்கொள்ளும். நான் பெரியவர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். சபையில் பாதிப் பேருக்குக் கை பின்னால்தான் இருக்கிறது.

இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் பத்திரிகையில் போடக் கொடுக்கிறேன். எங்கள் வக்கீல் ஐயா வேண்டாம் என்றார். அவர் நல்லவர்தான். இருந்தாலும் ஏன் இவ்வளவு அழுத்தி வேண்டாம் என்கிறார் என்று எனக்கு அவர் மேலேயும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இதில் உள்ளதையெல்லாம் நான் ஏற்கனவே சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் என்னோடு சேர்த்து அதையும் முடித்துவிடலாம். ஊருக்கே தெரிந்ததை யாரும் முடிக்க முடியாது. நாளைக்கே நான் எங்காவது விழுந்து கிடந்தால், என் வீட்டுக்குக் கதிரை எப்போது வருகிறது என்று எல்லோரும் கவனித்துக்கொள்ளட்டும்.

கதிரை என்றதும் உனக்குப் புரியும். படிக்கிறவர்களுக்குப் புரியாது. அவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நம் பக்கத்துத் தோட்டங்களில் யார் கண்ணை மூடினாலும் லொறி முதலாளியின் லொறி வந்துவிடும். கூடாரம், கதிரை, தேத்தண்ணீர் ஊற்றுகிற பெரிய அண்டா, எல்லாம் அதில் இருக்கும். வாடகை கேட்க மாட்டார். எழவு வீட்டில் வந்து ஓரமாக நின்று, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். "மனுசன்னா அவருதான்" என்று சொல்லாத வாய் இருந்ததா? நானும்தான் சொன்னேன். என் மாமியார் செத்தபோது அவருடைய கதிரையில்தான் பாதிரியாரும் உட்கார்ந்தார்.

அந்த லொறிக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கொடி கட்டியிருக்கும். எழவு வீட்டுக்குப் போகிற லொறியை யார் நிறுத்திச் சோதிப்பார்கள்? அதில்தான் இருந்தது அவருடைய சாமர்த்தியம்.

மேல் லயத்துப் பெருமாள் தாத்தா செத்த அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. விறகு நனைகிறதே என்று நீ லொறியில் மடித்துக் கிடந்த ஒரு கூடாரத் துணியை இழுத்தாய். நான் மறுமுனையைப் பிடித்தேன். மடிப்புக்குள்ளிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்கள் சேற்றில் விழுந்தன. நான் கற்கண்டு என்று நினைத்தேன். நீ ஒன்றைக் கையில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பசறை பஸ் ஸ்டாண்டில் பொடியன்கள் கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாகித் திரிகிறார்களே, அது எதனால் என்று உனக்குத் தெரிந்திருந்தது. "இது ஐஸு, போதைச் சாமான்டி பிலோ" என்றாய். அப்புறம் நீ சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "நம்ம எழவையும் இவன் விட்டு வைக்கலயே."

அன்றைக்கே உனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எனக்கு வந்தது பயம்தான். நீ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாவிட்டால் நான் பொலிஸ் வாசலை மிதித்திருப்பேனா? இரண்டு பேரும் வாக்குமூலம் கொடுத்தோம். வழக்கில் நீ முதலாம் சாட்சி, நான் இரண்டாம் சாட்சி. முதலாளி பிணையில் வெளியே வந்துவிட்டார், கதிரை லொறியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சாட்சி சொல்ல நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம் நீ பசறைக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி லயத்துக்கு நடந்தாய். பொழுது சாய்கிற நேரம். வளைவில் ஒரு வாகனம் உன்னை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது.

எங்களுக்கு அது தெரியாது, அக்கா. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உன் மகள் திவ்யா வாசலில் நின்றுகொண்டு, அம்மாவை இன்னும் காணோமே என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் தம்பி ரவி உன் காம்பராவுக்குள் இருந்தான். அப்போதுதான் லொறி ஏறி வந்தது. இரண்டு பேர் குதித்து, உன் வாசலுக்கு முன்னால் கதிரைகளை இறக்க ஆரம்பித்தார்கள்.

"யாருக்குப்பா? யாரு செத்தது?" என்று கேட்டேன்.

"எறக்கச் சொன்னாங்க, எறக்குறோம்" என்றான் ஒருவன்.

பக்கத்து லயத்தில் நோயாய்க் கிடந்த கிழவிதான் போய்விட்டாள் போலிருக்கிறது, வழி தெரியாமல் இங்கே இறக்குகிறார்கள் என்று நினைத்து, நான் அரிசியைக் களையத் திரும்பிவிட்டேன். கதிரைகளை வரிசையாகவும் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தோட்டத்துக் காவல்காரன் மூச்சு வாங்க ஓடி வந்து, "பார்வதிக்கா வளைவுல கெடக்கு" என்று கத்தினான். நான் கதிரைகளைப் பார்த்தேன். அரிசிச் சட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

நீ இல்லாமல் நான் மட்டும் பதுளைக் கோர்ட்டில் கூண்டில் ஏறினேன். வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். பொட்டலத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டார்கள். கதிரையைப் பற்றிச் சொன்னதற்குச் சிரித்தார்கள். "கதிரை சீக்கிரம் வந்தால் அது கொலையா, அம்மா?" என்று முதலாளியின் வக்கீல் கேட்டார். வேறு வீட்டுக்குப் போன லொறி வழி மாறி வந்தது என்றார்கள். போதைப்பொருளுக்காக முதலாளி உள்ளே போனார். உன் சாவை விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நம் சனங்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "எழவுக்கு ஒதவுன மனுசனைப் புடிச்சுக் குடுத்துட்டா" என்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் என் காதுபடவே சொன்னார்கள். அடுத்த சாவுக்கு உட்காரக் கதிரை இல்லை. மழையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். அந்தக் கோபத்தை எல்லாம் என் மேல் காட்டினார்கள். அப்போது என் பக்கம் நின்றது யார் தெரியுமா? ரவிதான். "அக்கா, நீங்க எலெக்சன் கேளுங்க. எங்க அக்கா இருந்திருந்தா இதத்தான் சொல்லியிருப்பா" என்றான். அவனே சுயேச்சைக் குழுவுக்கு ஆள் சேர்த்தான், போஸ்டர் ஒட்டினான், என்னை லயம் லயமாகக் கூட்டிக்கொண்டு போனான். ஒவ்வொரு வாசலிலும் உன் பெயரைச் சொல்லி அழுதான். அவன் அழுததைப் பார்த்துத்தான் பாதிப் பேர் எனக்கு வோட்டுப் போட்டிருப்பார்கள்.

சபையில் நான் கொண்டுவந்த முதல் பிரேரணையைக் கேட்டால் நீயும் சிரிப்பாய். சபையே கூடாரமும் கதிரையும் வாங்கி வைத்து, சாவு வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். "ரோட்டு கேப்பாங்க, லைட்டு கேப்பாங்க, இந்தம்மா கதிரை கேக்குது" என்று சிரித்தார்கள். நம் சனங்கள் எந்த இடத்தில் குனிந்து போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. பிரேரணை நிறைவேறியது. என்னை எதிர்ப்பவர்களில் ஒருவர் முதலில் கையைத் தூக்கினார். அவர் ஏன் தூக்கினார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வந்திறங்கிய கதிரைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். முதலாளியின் பெயரைச் சுரண்டிய அடையாளம் இல்லை. அதுவரைக்கும் சந்தோசம்.

இனிச் சொல்லப் போவதுதான் கஷ்டம். நீ எங்கே இருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்துகொள்.

முதலாளியின் லொறியை ஓட்டிய சோமே ஞாபகம் இருக்கிறதா? பெரிய மீசை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கண்டால் ஹோர்ன் அடித்துக் காட்டுவாரே, அந்தச் சிங்கள டிரைவர்தான். ஒரு நாள் பகலில் என் வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை.

"அக்கே, கோர்ட்ல நான் பொய் சொன்னது. லொறி வழி மாறி வரல்ல. பார்வதி அக்கா வீட்டுக்குன்னு சொல்லித்தான் போன் வந்தது."

"முதலாளிதானே பண்ணுனாரு?"

"முதலாளி இல்ல. பார்வதி அக்கா தம்பி. ரவி."

முதலில் நான் அந்த ஆளைத்தான் சந்தேகப்பட்டேன். முதலாளி உள்ளே இருந்துகொண்டே ஆளனுப்பி, என்னையும் ரவியையும் பிரிக்கப் பார்க்கிறாரா? இவ்வளவு நாளும் வாயைத் திறக்காதவருக்கு இப்போது என்ன வந்தது? மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாராம், மனதில் இதை வைத்துக்கொண்டு நல்ல காரியம் செய்ய முடியவில்லையாம். நம்பலாமா? நீயாக இருந்தால் நம்பியிருப்பாய். நான் நம்பவில்லை. ஆனால் சாப்பாடும் இறங்கவில்லை.

மறுநாள் ரவி சபைக் கூட்டத்துக்கு என்னைக் கூட்டிப் போக வந்தான். எதுவும் தெரியாதவள் போலக் கேட்டேன். "ஏன் ரவி, அன்னைக்கு அந்தக் கதிரைய யாரு சொல்லி அனுப்பியிருப்பாங்க?"

"முதலாளிதான் அக்கா. வேற யாரு?"

சொல்லும்போதே அவன் கை இரண்டும் பின்னால் போனது. "சோமே வந்தாரு" என்று மட்டும்தான் சொன்னேன். அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

முதலாளியின் கூடாரங்களைக் கட்டுகிற வேலையில் அவன் எவ்வளவு பெருமைப்பட்டான் என்று உனக்குத் தெரியும். முதலாளி தோளில் கை போட்டு "தம்பி" என்று கூப்பிட்டால் அன்று முழுக்க அவனுக்குக் கால் தரையில் பாவாது. நீ வாக்குமூலம் கொடுத்த பிறகும் அவன் ஒளித்து ஒளித்து அங்கே போய் வந்திருக்கிறான்.

"மெரட்டப் போறோம்னுதான் சொன்னாங்க அக்கா. எந்த பஸ்ல வருவான்னு மட்டும் கேட்டாங்க. சொன்னேன். சாமி சத்தியமா மெரட்டத்தான்னு நெனச்சேன். அப்புறம் போன் வந்துச்சு. முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. திவ்யாகிட்ட எப்படிச் சொல்லுவேன்? வர்ற சனம் நிக்குமேன்னு..."

"நிக்குமேன்னு?"

"கதிரைக்குச் சொன்னேன்."

கேட்டாயா, அக்கா? பிறந்த வீட்டு ஆண்பிள்ளை செய்ய வேண்டிய காரியத்தைக் குறைவில்லாமல் செய்திருக்கிறான். உன் மேல் கோடிச் சேலை போட்டதும் அவன் கைதான். உன்னைக் காட்டிக் கொடுத்தவனுக்கு, உன் எழவுக்கு வருகிறவர்கள் நின்றுகொண்டிருக்கக் கூடாது என்று தோன்றியிருக்கிறது. காவல்காரன் வரும் வரைக்கும் பொறுத்திருந்தால் எவருக்கும் தெரிய வந்திருக்காது. உன் மேல் இருந்த பாசம்தான் அவசரப்படுத்திவிட்டது. அந்தப் பாசத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? காறித் துப்பவும் முடியவில்லை, கட்டிப் பிடிக்கவும் முடியவில்லை.

"நீயே போய்ச் சொல்லு. போகலேன்னா நான் போவேன்" என்றேன். போக மாட்டான் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் நான் பொலிஸுக்குப் போனபோது அவன் எனக்கு முன்னால் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு ஒரு நிமிசம் அவன் உன் தம்பி மாதிரியே இருந்தான். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பொலிஸில் சொன்னதைக் கோர்ட்டில் ஒப்புதலாக எடுக்க மாட்டார்களாம். உள்ளே போன பிறகு ரவி பேச்சை மாற்றிவிட்டான். எனக்கு எதுவும் தெரியாது, பிலோ அக்கா மிரட்டியதால்தான் போனேன் என்கிறானாம். அவனுக்காகக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய வக்கீல் காரில் வந்திறங்குகிறார். கூடாரம் கட்டுகிறவனுக்கு அந்த வக்கீலை யார் பிடித்துக் கொடுத்தது? சோமே வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. மகள் கல்யாணத்துக்குக்கூட அவர் இருக்கவில்லை என்கிறார்கள். ஓடினாரா, ஓட வைத்தார்களா? கேட்டால் எவரும் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. எனக்காக வேலை செய்த பொடியன்கள்கூட, "அரசியலுக்காகச் சொந்தத் தம்பி மாதிரி இருந்தவனையே உள்ள தள்ளிட்டா" என்கிறார்களாம். அடுத்த எலெக்சனில் நான் கட்டுப்பணத்தைக்கூட இழப்பேன். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உன் வழக்கு மறுபடியும் மூடிப் போய்விடுமே என்பதுதான் கவலை.

திவ்யாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? பதுளையில் படிக்கிறாள், லீவுக்கு என்னிடம்தான் வருவாள். அவளுக்கு மாமா என்றால் உயிர். உட்கார வைத்துச் சொன்னேன். அழுவாள், இல்லாவிட்டால் என்னோடு சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"சித்தி, அன்னைக்கு அந்த லொறி வந்துச்சுல்ல. கதிரை எறக்குனப்ப மாமா வெளியே வந்தாரு. ஒரு கதிரைய இழுத்துப் போட்டு, என் தோளப் புடிச்சு, ஒக்காரு தாயின்னு சொன்னாரு. ஏன் மாமான்னு கேட்டேன். பதில் சொல்லல. அப்புறந்தான் காவல்காரரு ஓடி வந்தாரு."

"இத ஏண்டி இவ்வளவு நாளும் சொல்லல?"

"மாமா ஆசையா ஒக்கார வெச்சாருன்னுதானே நெனச்சேன்."

நான் எவ்வளவு பேரைச் சந்தேகப்பட்டேன், எத்தனை கதிரையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அந்த ஒன்றில் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் மட்டும் கேட்கவே இல்லை.

வழக்குப் பேசுகிற அரசாங்க வக்கீலிடம் சொன்னோம். காவல்காரன் வருவதற்கு முன்பே ரவிக்கு விசயம் தெரியும் என்று நேரில் கண்டு சொல்ல இப்போது அவள் ஒருத்திதான் இருக்கிறாள் என்றார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீ கூண்டில் ஏறுவதற்கு முன்னால் உன்னைப் பறிகொடுத்தவள் நான். உன் ஒரே பிள்ளையை அதே படியில் ஏற்றிவிடவா? மாமனுக்கு எதிராக மருமகளை நிறுத்தவா? வேண்டாம் என்று கெஞ்சினேன். படிப்பைச் சொன்னேன், பொம்பளைப் பிள்ளை என்று சொன்னேன், என் வாயால் வரக் கூடாத பேச்செல்லாம் பேசினேன்.

"எங்கம்மா கூட்டிட்டுப் போகாட்டி நீங்க போயிருப்பீங்களா சித்தி?" என்று கேட்டாள்.

"போயிருக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப இப்ப நான் உங்களக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

அந்தப் பேச்சு யாருடையது என்று உனக்குத் தெரியும், அக்கா.

வரும் திங்கட்கிழமை அவளுடைய நாள். கொழும்பு வக்கீல் அவளை என்னவெல்லாம் கேட்பாரோ. யார் கண் அவள் மேல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ரவி எதிரே நிற்பான். அவனைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லப் போகிறாளாம். சொல்லிவிட்டு, உள்ளே அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும் என்கிறாள். அதற்கும் சரி என்றுவிட்டேன். உன் பிள்ளையை நான் எப்படித் திருத்துவது?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இதைப் படிக்கிற எல்லோரும் கேட்டுக்கொள்ளட்டும். திங்கட்கிழமை அவள் வளைவில் தனியாக நடக்க மாட்டாள். நம் லயத்துப் பெண்கள் அன்று காலையில் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்கப்போவதில்லை. என்னைப் பீலியடியில் வைத்துத் திட்டியவர்கள்தான், நான் கேட்காமலே வந்து சொன்னார்கள். அவர்களில் யாரை நம்புவது, யாரை நம்பாமல் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்கிறேன். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் கூண்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். சாயந்தரம் அவளை உன் காம்பராவுக்குள் கொண்டுவந்து விட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போவேன். உன் முறைக்கு உன் மகள் ஏறுகிறாள், அக்கா. இந்தத் தடவை சாட்சி வீடு வந்து சேரும்.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
திவ்யாவின் சித்தி,
பிலோமினா